தாத்தாவின் ஜீப்: ஆர்.சி.யில் பெட்ரோல், பானட்டுக்குள் டீசல். இது என்ன வண்டி, என்ன விலை பெறும்?

தேவாரத்துப் பேரன்:

எல்லோருக்கும் வணக்கம். தேனி மாவட்டத்துத் தேவாரத்தில் எங்கள் மாட்டுக்கொட்டகையில் பதிமூன்று ஆண்டுகளாக ஒரு ஜீப் நிற்கிறது. தாத்தா ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போன வண்டி. முழங்கால் தேய்ந்து கிளட்ச் மிதிக்க முடியாமல் போன நாளில் கொட்டகையில் விட்டவர், அதற்குப் பிறகு யாரையும் சாவியைத் தொடவிடவில்லை. அவர் இறந்து நான்கு மாதங்கள் ஆகின்றன. நான் கோயம்புத்தூரில் கணினி வேலை பார்க்கிறேன். இந்த ஜீப்பைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், சிறுவயதில் அதன் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு போடிமெட்டு ஏறியபோது முகத்தில் அடித்த குளிர்தான்.

ஆர்.சி. புத்தகத்தின் முதல் பக்கத்தில் "மஹிந்திரா ஜீப், சி.ஜே.3பி, 1971, பெட்ரோல்" என்று கையால் எழுதியிருக்கிறது. பானட்டைத் திறந்தால் டீசல் எஞ்சின். ஊரில் எல்லோரும் இதை வில்லிஸ் என்கிறார்கள். பானட்டின் பக்கவாட்டிலும் அந்தப் பெயர் தகட்டிலேயே அழுத்தப்பட்டிருக்கிறது. நேற்று ஒருவர் வந்து சுற்றிச்சுற்றிப் பார்த்துவிட்டு, தொண்ணூறாயிரம் ரொக்கமாகத் தருகிறேன், காகிதம்கூட வேண்டாம் என்றார்.

இது உண்மையில் என்ன வண்டி? ஓட வைக்க முடியுமா? தொண்ணூறாயிரம் நியாயமான விலையா?

ஜிப்சிக்காரி:

மற்ற கேள்விகளுக்கு விவரம் தெரிந்தவர்கள் வருவார்கள். மூன்றாவதற்கு மட்டும் நான் இப்போதே சொல்லிவிடுகிறேன்: காகிதம் வேண்டாம் என்று சொல்பவருக்கு ஒரு கைப்பிடிக் குமிழைக்கூட விற்காதீர்கள். ஒன்று, உடைத்து உதிரியாக விற்கப் போகிறார். அல்லது அவரிடம் வேறொரு செத்துப்போன ஜீப்பின் ஆர்.சி. இருக்கிறது, அதற்கு ஓர் உடல் தேடிக்கொண்டிருக்கிறார்.

குன்னூர் வில்லிஸ்:

மேலே சொன்னது முற்றிலும் சரி. நான் அடையாளத்துக்கு வருகிறேன்.

பானட்டில் உள்ள பெயரை மறந்துவிடுங்கள். பானட் சில திருகாணிகளில் கழன்று வரும் பொருள். பழைய ஜீப்பின் தகடு எதுவும் புதிதாகக் கிடைக்கும். ஹரியானாவின் டப்வாலியில் ஒரு முழு ஜீப்பையே புதிதாகத் தட்டி நிறுத்திவிடுவார்கள். வில்லிஸ் என்பது போர்க்கால ஜீப்பைச் செய்த அமெரிக்க நிறுவனம்; நம் பக்கம் அது குடும்பப் பெயர் மாதிரி. அண்ணன் தம்பி பெரியப்பா எல்லோருக்கும் அதே பெயர். தனிப்பெயரைக் கண்டுபிடிக்க வேறு இடங்களைப் பார்க்க வேண்டும்.

முதலில் பானட்டின் உயரம். இரண்டாம் உலகப் போர்க்கால எம்.பி. என்ற மாடல், அதற்குப் பின் வந்த சி.ஜே.2ஏ, சி.ஜே.3ஏ எல்லாம் தாழ்ந்த மூக்கு உடையவை. அவற்றில் இருந்த எஞ்சினில் வால்வுகள் எல்லாம் பிளாக்கின் பக்கத்திலேயே இருக்கும். 1953-இல் வந்த சி.ஜே.3பி-யில் ஹரிக்கேன் என்ற பெட்ரோல் எஞ்சின் வைத்தார்கள். அதே 2199 சிசி, ஆனால் உள்ளிழுக்கும் வால்வுகள் தலைக்கு மேலே போய்விட்டன. எஞ்சின் உயர்ந்தது, அதற்கு இடம்கொடுக்க பானட்டையும் தூக்கினார்கள். அழகுக்காகச் செய்ததல்ல. அழகாகவும் இல்லை என்று சொல்பவர்கள் உண்டு. அவர்களோடு நான் பேசுவதில்லை. அமெரிக்காவில் 1968-இல் இதை நிறுத்திவிட்டார்கள், மஹிந்திரா இங்கே தொடர்ந்து செய்தது. ஆகவே 1971 என்பதில் முரண் இல்லை.

அடுத்து அளவுநாடா எடுங்கள். சக்கரங்களை நேராக வைத்து, முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் வரை அளந்து பாருங்கள். 80 அங்குலம், அதாவது 2032 மி.மீ. வந்தால் சி.ஜே.3பி-யின் அடிச்சட்டம், அதாவது சேஸ். 91 அங்குலம் வந்தால் மஹிந்திராவின் பிற்கால எம்.எம்.540 போன்ற ஒன்றின் மேல் யாரோ பழைய முகத்தை ஒட்டியிருக்கிறார்கள்.

பிறகு கியர். முன்னோக்கி மூன்றா நான்கா? மூன்று என்றால் பழைய டி-90 பெட்டி. அதன் அருகே சின்னக் கம்பிகள் இரண்டு இருக்கின்றனவா?

கடைசியாக, இதுதான் முக்கியம்: சேஸ் எண். டாஷில் ரிவெட் அடித்த அலுமினியத் தகட்டை நம்பாதீர்கள். நாலு ரிவெட் வாங்க எத்தனை ரூபாய் ஆகும்? சட்டத்தின் இரும்பிலேயே குத்திய எண்ணைத் தேடுங்கள். இரண்டு பக்கமும் முன்பகுதியில் மண்ணெண்ணெய் தடவி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் பாருங்கள். கிரைண்டர் வேண்டவே வேண்டாம். எண்ணையே தின்றுவிடும்.

தேவாரத்துப் பேரன்:

சனிக்கிழமை முழுக்கக் கொட்டகையில்தான் இருந்தேன். பானட் உயரமானது. அளவு சரியாக 80 அங்குலம். முன்னோக்கி மூன்று கியர். பக்கத்தில் இரண்டு சின்னக் கம்பிகள் இருக்கின்றன, இரண்டும் அசையவில்லை. சேஸ் எண் கிடைத்துவிட்டது! ஒரு மணி நேரம் தேய்த்த பிறகு எழுத்தெழுத்தாக எழுந்து வந்தது. புத்தகத்தில் உள்ள எண்ணோடு ஒத்துப்போகிறது. எஞ்சின் எண் மட்டும் வேறு.

பின் இருக்கைக்கு அடியில் எலிக்கூடு, ஒரு ஏலக்காய்ச் சாக்கு, தாத்தாவின் வெற்றிலைப்பெட்டி.

குன்னூர் வில்லிஸ்:

அப்படியானால் இது 1971 சி.ஜே.3பி. சட்டம் தன் பெயரைத் தானே சொல்லிவிட்டது. எஞ்சின் மட்டும் ஒட்டு.

எண்பதுகளில் இது சாதாரணம். பெட்ரோல் விலைக்கும் டீசல் விலைக்கும் இருந்த இடைவெளியில், மலைக்கு ஆள் ஏற்றிய ஜீப்புகள் பாதி டீசலுக்கு மாறின. மாற்றியது தவறில்லை. மாற்றியதை எழுதி வைத்தார்களா என்பதுதான் கேள்வி.

ஓய்வுபெற்ற எழுத்தர்:

வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் இருபத்தாறு ஆண்டுகள் இந்தப் புத்தகங்களைத்தான் புரட்டினேன். தம்பி முதல் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுப் பேசுகிறார் என்று நினைக்கிறேன். பழைய ஆர்.சி. புத்தகத்தில் முதல் பக்கம் வண்டி பிறந்த நாளைச் சொல்லும். அதற்குப் பின் அது பட்ட பாடுகளெல்லாம் உள்பக்கங்களில் சிவப்பு மையிலோ ரப்பர் முத்திரையிலோ இருக்கும். கடன் ஏறியது, இறங்கியது, நிறம் மாறியது, எஞ்சின் மாறியது எல்லாம். ஒட்டிக்கொண்ட பக்கங்கள் இருந்தால் கத்தி வைக்காமல் ஆவி காட்டிப் பிரித்துப் பாருங்கள்.

தேவாரத்துப் பேரன்:

ஐயா, உங்களுக்கு ஒரு கும்பிடு.

பத்தாம் பக்கமும் பதினொன்றாம் பக்கமும் ஒட்டிக்கொண்டிருந்தன. இட்லிப்பானை ஆவியில் காட்டிப் பிரித்தேன், அம்மா திட்டினார்கள். உள்ளே பத்தாம் பக்கத்தில் 1986 தேதியிட்ட குறிப்பு: எஞ்சின் மாற்றப்பட்டது, எரிபொருள் டீசல், 2112 சிசி, புதிய எஞ்சின் எண், கையொப்பம், வட்ட முத்திரை. அந்த எண்ணைப் போய்ப் பார்த்தேன், பிளாக்கில் அதே எண்.

குன்னூர் வில்லிஸ்:

2112 என்ற ஒரு எண் போதும். அது பிரெஞ்சு நிறுவனமான பெஜோவின் எக்ஸ்.டி.பி. 4.90. பெயரிலேயே விவரம் இருக்கிறது: நான்கு சிலிண்டர், 90 மி.மீ. துளை. மஹிந்திரா பெஜோவுடன் ஒப்பந்தம் செய்து இங்கேயே தயாரித்தது, எம்.எம்.540-இல் வந்தது. அதற்கு முன் வந்த டீசல் ஜீப்புகளில் இன்டர்நேஷனல் என்ற நிறுவனத்து டிராக்டர் எஞ்சினின் வழிவந்த ஒன்று இருந்தது. அதுவாக இருந்தால் 2350 என்று எழுதியிருப்பார்கள்.

ஜிப்சிக்காரி:

இந்த சிசி விஷயம் என்னிடம் இருக்கும் மாருதி ஜிப்சிக்கும் பொருந்தும். 1985-இல் வந்த முதல் ஜிப்சியில் 970 சிசி. 1996-இல் வந்த ஜிப்சி கிங்கில் 1298. பழையதன் பின்னால் 'கிங்' ஸ்டிக்கர் ஒட்டி விற்கும் புண்ணியவான்கள் உண்டு. என்னிடமே ஒருவர் முயன்றார். ஆர்.சி.யில் 970 இருக்கிறதே என்றேன். எழுத்துப்பிழை என்றார்.

ஓய்வுபெற்ற எழுத்தர்:

இனி காகித வேலை. தாத்தா பெயரில் இருப்பதை வாரிசு பெயருக்கு மாற்றப் படிவம் 31. இறந்த முப்பது நாளுக்குள் அலுவலகத்துக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் விண்ணப்பித்திருக்க வேண்டும். நீங்கள் கெடுவைத் தாண்டிவிட்டீர்கள். அதனால் வண்டி போய்விடாது, கொஞ்சம் அபராதம், கொஞ்சம் நடை. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் வேண்டும். அத்தைகள் எத்தனை பேர் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

பதிவுப் புதுப்பிப்புக்குப் படிவம் 25. கார் வகைக்கு 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆயிற்று. இருபது ஆண்டைத் தாண்டியவற்றுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கினார்கள். இதன் மேல் தாமதக் கட்டணம், பசுமை வரி. வண்டியை நேரில் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். ஆய்வாளர் சேஸ் எண்ணின் மேல் தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுப்பார். நீங்கள் கம்பி பிரஷ்ஷால் செய்த வேலை அன்றைக்குப் பயன்படும்.

முதல் வேலையாக, வாகன் என்ற அரசின் வாகனப் பதிவு இணையதளத்தில் எண்ணைப் போட்டுப் பாருங்கள். கையெழுத்துப் புத்தகக் காலத்து வண்டிகள் பல அதில் ஏறவே இல்லை. ஏறியவற்றிலும் முதல் பக்கத்தை மட்டும் பார்த்துப் பதிந்திருப்பார்கள். உங்களுடையது அங்கே பெட்ரோல் என்றே இருந்தால், அந்தப் பத்தாம் பக்கத்தைக் காட்டித் திருத்தம் கேளுங்கள். புத்தகத்தை யார் கையிலும் விட்டுவிட்டு வராதீர்கள். நகல் கொடுங்கள், மூலத்தைக் காட்டுங்கள், வாங்கிக்கொண்டு வாருங்கள். அந்தப் பக்கம் கிழிந்தால் உங்கள் எஞ்சினுக்குப் பிறப்புச் சான்று இல்லை.

காகிதம் வேண்டாம் என்று வந்தவரைப் பற்றி ஒரு வார்த்தை. பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர், விபத்து இழப்பீடும் அவர் தலையில்தான் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்திருக்கிறது. பெயர் மாற்றாமல் விற்ற வண்டி எங்கேயாவது ஒருவரை இடித்தால், காவலர் வந்து கதவைத் தட்டுவது உங்கள் வீட்டில்தான்.

தேவாரத்துப் பேரன்:

வாகனில் பெட்ரோல் என்றுதான் இருக்கிறது. அத்தைகள் மூன்று பேர். ஒருவர் ஏற்கெனவே, ஜீப்பில் எனக்கும் பங்கு உண்டு என்று சொல்லியனுப்பிவிட்டார்.

ஐம்பது ஆண்டைத் தாண்டிவிட்டதால் பழம்பெரும் வாகனம் என்று பதிய முடியும் என்கிறார் நண்பர் ஒருவர். அது எளிதா?

ஓய்வுபெற்ற எழுத்தர்:

2021 ஜூலையில் வந்த விதி அது. வயது சரி, மற்றது சரியில்லை. அடிச்சட்டம், உடல், எஞ்சின் எதிலும் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது என்கிறார்கள்; உங்களுடையது எஞ்சின் மாறியது. தவிர, அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும்தான் எடுக்கலாம், தினசரி ஓட்ட முடியாது. தோட்டத்துக்குப் போக ஆசை இருந்தால் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

கம்பம் பட்டறை:

இவ்வளவு நேரம் எல்லோரும் வண்டியின் ஜாதகம் பார்த்தீர்கள். இனி நாடி பார்ப்போம்.

தம்பி, சாவியைப் போட்டுத் திருப்பிப் பார்த்தீர்களா? பார்த்திருந்தால் சொல்லிவிடுங்கள். பார்க்கவில்லை என்றால் பார்க்காதீர்கள். பதிமூன்று வருடம் நின்ற எஞ்சினை ஸ்டார்ட்டர் கொண்டு உலுக்குவது, படுத்த படுக்கையாகக் கிடந்தவரை எழுப்பி ஓடச் சொல்வது மாதிரி. பிஸ்டன் ரிங் ஒட்டியிருக்கும். ஹீட்டர் பிளக் நான்கையும் கழற்றி, அந்தத் துளை வழியாக ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு கரண்டி எஞ்சின் ஆயிலும் டீசலும் கலந்து விட்டு, இரண்டு நாள் சும்மா விடுங்கள். பிறகு நியூட்ரலில் வைத்து, கிராங்க் கப்பியின் நட்டில் பெரிய ஸ்பானர் போட்டுக் கையால் திருப்புங்கள். திரும்பினால் கற்பூரம் ஏற்றுங்கள். திரும்பவில்லை என்றால் பலம் காட்டாமல் எனக்கு எழுதுங்கள்.

டேங்கில் மிச்சம் இருக்கும் டீசலை இறக்கினால் அடியில் தார் மாதிரி வரும். டேங்கைக் கழற்றி அலசுங்கள். ரப்பர் குழாய் ஒன்றுகூடப் பழையது வேண்டாம். பம்பையும் நாசிலையும் கழற்றி டீசல் பம்ப் வேலை பார்க்கும் கடைக்குக் கொடுத்துவிடுங்கள். அது வீட்டில் கை வைக்கிற வேலை இல்லை. தெர்மோஸ்டாட் இருக்காது, பந்தயம் கட்டுகிறேன். நம் ஊரில் சூடு ஏறினால் முதலில் அதைத்தான் பிடுங்கி எறிவார்கள். நானும் ஒரு காலத்தில் எறிந்தவன்தான். மலை ஏறும் டீசல் வண்டிக்கு அது வேண்டும், புதிது போடுங்கள். பச்சைத் தண்ணீர் ஊற்றாதீர்கள், கூலண்ட் ஊற்றுங்கள்.

பிரேக்கில் எதையும் மிச்சம் பிடிக்காதீர்கள். இந்த வண்டியில் மாஸ்டர் சிலிண்டர் ஒற்றைச் சுற்று. நான்கு சக்கரத்தில் எந்த ஒன்றில் கசிந்தாலும் நான்கும் போய்விடும். போடிமெட்டு இறக்கத்தில் அது போனால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நான்கு வீல் சிலிண்டர், மாஸ்டர், மூன்று ரப்பர் ஹோஸ், இரும்புக் குழாய்கள் எல்லாம் புதிது.

ஹேண்ட் பிரேக்கைப் பற்றிப் பலருக்குத் தெரியாது. அது சக்கரத்தில் இல்லை. எஞ்சின் சக்தியை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால், அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ப்ராபெல்லர் ஷாஃப்டில் ஒரு டிரம் இருக்கிறது, அதைத்தான் பிடிக்கும். ஹேண்ட் பிரேக் போட்டுவிட்டோம் என்ற நம்பிக்கையில் பின் சக்கரம் ஒன்றை ஜாக்கி வைத்துத் தூக்கினால், இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியல் வழியாகத் தூக்கிய சக்கரம் சுற்றும், வண்டி நகரும். என் பட்டறையில் ஒரு பையனின் கால் மயிரிழையில் தப்பியது. தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைக்காமல் ஜாக்கியைத் தொடாதீர்கள்.

வீல் நட்டைக் கழற்றப் போவதற்கு முன், நட்டு ஏறி நிற்கும் திருகுக் கம்பியான ஸ்டட்டின் முனையைப் பாருங்கள். 'எல்' என்ற எழுத்து குத்தியிருந்தால் அது இடத்திருகு. வில்லிஸ் காலத்து வழக்கம் அது: இடப்பக்கச் சக்கரங்களின் நட்டு எதிர்த்திசையில் கழலும். இது தெரியாமல் ஸ்பானர் மேல் ஏறி நின்று, இறுக்கி இறுக்கி ஸ்டட்டை முறித்தவர்களைத்தான் நான் வாழ்க்கையில் அதிகம் பார்த்திருக்கிறேன்.

தேவாரத்துப் பேரன்:

அண்ணே, நான் மூன்று ஸ்டட்களை முறித்துவிட்டேன். நேற்று. ஏறி நின்றுதான்.

கம்பம் பட்டறை:

சரி. வரிசையில் சேர்ந்துகொள்ளுங்கள்.

குன்னூர் வில்லிஸ்:

அண்ணன் சொன்னதில் எல்லாம் உடன்படுகிறேன். ஆனால் அந்த டீசலுக்கு இவ்வளவு செலவு செய்வதற்குப் பதில், ஒரு ஹரிக்கேன் எஞ்சினைத் தேடிப்பிடித்துப் போட்டால் வண்டி அதன் சொந்த உருவத்துக்கு வரும். சட்டம் அசல், பெட்டி அசல். எஞ்சின் மட்டும்தானே வேறு. சேகரிப்பவர்கள் கொடுக்கும் விலையே வேறாகிவிடும்.

கம்பம் பட்டறை:

யாருக்கு விற்கும் விலை? அந்தத் தாத்தா கால் நூற்றாண்டுக்கு மேல் ஓட்டியது டீசலைத்தான். பேரன் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு போனதும் அதன் புகையில்தான். நீங்கள் 1971-ஐ அசல் என்கிறீர்கள், அவன் குடும்பத்துக்கு 1986-தான் அசல்.

வேலைக்காரனாகவும் ஒன்று சொல்கிறேன். இப்போது இருக்கிற காகிதத்தில் டீசல் முறைப்படி ஏறியிருக்கிறது. அதைப் பிடுங்கிப் பெட்ரோல் வைத்தால் மறுபடி அனுமதி, மறுபடி குறிப்பு, மறுபடி ஆய்வு. வண்டி தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து மாறக் கூடாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, மாற்றம் என்ற சொல்லைக் கேட்டாலே அலுவலகத்தில் முகம் சுருங்குகிறது. ஐயாவையே கேளுங்கள்.

ஓய்வுபெற்ற எழுத்தர்:

சுருங்கும்.

குன்னூர் வில்லிஸ்:

புகையில் வரலாறு பார்க்கிறவர்களோடு வாதாட முடியாது. ஆனால் என் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. ஹரிக்கேன் ஓடும் ஓசையை ஒருமுறை குன்னூருக்கு வந்து கேளுங்கள்.

நான்கு சக்கர இயக்கத்தைச் சோதிக்கும் வழியைச் சொல்லிவிடுகிறேன். முன் அச்சும் பின் அச்சும் ஒரே கியர் விகிதமா என்று பாருங்கள். ஏதோ ஒரு காலத்தில் ஓர் அச்சை மட்டும் வேறு வண்டியிலிருந்து எடுத்துப் போட்டிருப்பார்கள். இரண்டு சக்கரத்தில் ஓடும்வரை தெரியாது, நான்கில் போட்டதும் ஒன்றை ஒன்று கிழித்துக்கொள்ளும். சி.ஜே.3பி-யில் விகிதம் 5.38, அதாவது ஓர் அச்சின் இரண்டு சக்கரங்களும் ஒரு சுற்று சுற்ற ஷாஃப்ட் 5.38 சுற்று. சக்கரங்களுக்குக் கல் வைத்து, கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட்டு, ஒரு பின் சக்கரத்தை மட்டும் தூக்குங்கள். மற்றது தரையில் நிற்பதால், தூக்கியதைச் சரியாக இரண்டு சுற்று சுற்றினால் ப்ராபெல்லர் ஷாஃப்ட் ஐந்து சுற்றுக்கு மேல் மூன்றில் ஒரு பங்கு போல் சுற்ற வேண்டும். சாக்பீஸால் கோடு போட்டு எண்ணுங்கள். முன் சக்கரத்தில் அதே சோதனை, முன் டிரைவ் கம்பி விடுபட்ட நிலையில். எண் ஒன்றாக வந்தால் நிம்மதி.

அந்த இரண்டு கம்பிகளில் ஒன்று முன் அச்சைச் சேர்க்கும், மற்றது வேகத்தைத் தாழ்த்தும். முன் அச்சைச் சேர்க்காமல் தாழ்ந்த வேகத்துக்குப் போக விடாதபடி உள்ளே ஒரு பூட்டு இருக்கும். கம்பி மறுக்கிறது என்று வன்மம் காட்டாதீர்கள். தார்ச்சாலையில் நான்கு சக்கர இயக்கம் கூடவே கூடாது. நடுவில் டிஃபரன்ஷியல் இல்லாத வண்டி. வளைவில் முன் சக்கரங்கள் பின்னதைவிட அதிகத் தூரம் ஓட வேண்டும், வழுக்க மண் இல்லாவிட்டால் அந்த முறுக்கு முழுவதும் கியர்களில் ஏறும். கம்பி இறுகிக்கொண்டால் கொஞ்சம் பின்னோக்கி எடுங்கள், விட்டுவிடும்.

நுவரெலியாத் தம்பி:

இலங்கையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டில் இருப்பது மிட்சுபிஷி ஜீப். அதுவும் 1953-இல் இதே சி.ஜே.3பி-யின் உரிமம் வாங்கி ஜப்பானில் தொடங்கிய வம்சம்தான், ஆகவே உங்கள் வண்டி எனக்குப் பெரியப்பா மகன். இங்கே 2020-இல் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், தனியார் வாகனங்களுக்கு 2025-இல்தான் திறந்தார்கள். இடையில் தோட்டத்துரை விட்டுப்போன இரும்புக்கெல்லாம் தங்க விலை. பழைய ஜீப்பின் விலை ஜீப்பில் இல்லை, புது வாகனம் கிடைக்கிறதா என்பதில் இருக்கிறது என்று அப்போதுதான் விளங்கிற்று.

ஒரு கேள்வி: நாற்பது கிலோமீற்றர் வேகத்தில் ஸ்டியரிங் உதறுகிறது. உதறலை அமுக்கும் டாம்பர் போடச் சொல்கிறார்கள். போடலாமா?

கம்பம் பட்டறை:

போடாதீர்கள். அது காய்ச்சலுக்கு நெற்றியில் ஈரத்துணி. முன் சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால், உதவியாளரை பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் வீல் பேரிங். நிற்காவிட்டால், முன் சக்கரம் இடம்வலம் திரும்பும் அச்சாணியான கிங்பினின் பேரிங். கிங்பினுக்கு மேலும் கீழும் இருக்கும் ஷிம் தகடுகளைக் குறைத்து, சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் மூட்டு கொஞ்சம் இறுக்கமாகத் திரும்பும்படி வையுங்கள். பிறகு டை ராடு முனைகள், பட்டை ஸ்பிரிங்கின் ஷாக்கிள் புஷ், நடுவில் இருக்கும் பெல் கிராங்க். பெரும்பாலும் கிங்பினோடு முடிந்துவிடும்.

தேவாரத்துத் தம்பிக்கும் இதுவே. கியர்பெட்டிக்கு ஜி.எல்.4 வகை 90 ஆயில், ஜி.எல்.5 வேண்டாம், கியர் உரசாமல் சேர உதவும் பித்தளை சிங்க்ரோ வளையத்துக்கு ஆகாது. டிரான்ஸ்ஃபர் கேஸிலும் தனியாக அளவு பாருங்கள், பெட்டியின் ஆயில் சீல் தேய்ந்தால் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு இறங்கிவிடும். முதல் கியருக்கு சிங்க்ரோ கிடையாது. வண்டி நின்ற பிறகுதான் போட வேண்டும்.

ஜிப்சிக்காரி:

விலைக்கு வருவோம். எல்லோரும் அந்தக் கேள்வியைத் தாண்டித் தாண்டிப் போகிறீர்கள்.

என் 1997 கிங்கை 1,60,000-க்கு வாங்கினேன். மூன்று ஆண்டில் 2,10,000 செலவழித்திருக்கிறேன். நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன், கணவருக்குக் காட்டுவதில்லை. இன்று விற்றால் மூன்று லட்சம் வரலாம். பழைய வண்டியில் போட்ட பணம் விலையில் திரும்பி வராது, ஓட்டிய கிலோமீட்டரில்தான் வரும். ஆகவே நீங்கள் செலவு செய்யப் போவதைக் கூட்டி விலை சொல்லக் கூடாது. இதே போன்ற, ஓடுகிற, காகிதம் சுத்தமான வண்டி என்ன விலைக்குப் போகிறதோ அதிலிருந்து ஓட வைக்கும் செலவைக் கழிக்க வேண்டும். அண்ணன் செலவைச் சொல்லட்டும்.

கம்பம் பட்டறை:

என் கைக்கணக்கு: பிரேக் 18,000. டயர் ஐந்தும் 35,000. பம்ப், நாசில் 22,000. கிங்பின், ஸ்டியரிங் 15,000. ஒயரிங், பேட்டரி 16,000. திறந்து பார்த்த பிறகு தெரிய வருவதற்கு 30,000. மொத்தம் 1,36,000. டிங்கர் வேலையும் பெயின்டும் இதில் சேர்த்தி இல்லை. அந்த 30,000-ஐ யாரும் நம்ப மாட்டார்கள், அதுதான் எப்போதும் முதலில் தீரும்.

குன்னூர் வில்லிஸ்:

புதுப்பித்த பதிவோடு, பிரேக் பிடித்து, நான்கு சக்கரமும் இழுக்கிற சி.ஜே.3பி, டீசல் முறைப்படி ஏறியது: நான் வாங்குவதாக இருந்தால் மூன்றரை லட்சம் வரை போவேன். சட்டம் அழுகியிருந்தால் போகமாட்டேன். பின் ஸ்பிரிங் தொங்கட்டான்கள், முன் குறுக்குச் சட்டம் இரண்டையும் சுத்தியலால் தட்டிக் கேளுங்கள். 'ணங்' என்றால் இரும்பு. 'பொத்' என்றால் துரு. பத்தாம் பக்கம் கிடைக்காமல் இருந்திருந்தால் ஒன்றேகால் லட்சத்துக்கு மேல் ஒரு ரூபாய் கூடச் சொல்லியிருக்க மாட்டேன். ஒட்டிக்கொண்டிருந்த ஒரு தாளுக்கு இரண்டே கால் லட்சம்.

ஓய்வுபெற்ற எழுத்தர்:

எங்கள் காலத்தில் அந்தக் குறிப்பை எழுத வைக்க, ஜீப்காரர்கள் மூன்று முறை அலைவார்கள். பலர் சலித்துப்போய் விட்டுவிடுவார்கள். உங்கள் தாத்தா விடவில்லை.

தேவாரத்துப் பேரன்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். நடுவில் நிறைய நடந்தது.

சட்டம் தட்டிப் பார்த்தேன். முன்னால் 'ணங்'. பின்னால் வலப்பக்கம் ஒரு தொங்கட்டான் மட்டும் 'பொத்', வெட்டி வைத்துப் பற்றவைக்க வேண்டும் என்கிறார்கள். சாக்பீஸ் கணக்கு முன்னும் பின்னும் ஒன்றாகவே வந்தது. ஊறவைத்த இரண்டாம் நாள் அசையவில்லை. நான்காம் நாள் காலை ஸ்பானரில் கை வைத்தபோது, ஒரு பெருமூச்சு மாதிரி ஏதோ கேட்டது, அரைக்கால் சுற்று நகர்ந்தது. அப்பா கொட்டகை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்ச் சூடத் தட்டை எடுத்து வந்தார்.

தொண்ணூறாயிரம்காரர் மறுபடி வந்து ஒன்றரை லட்சம் என்றார், இந்த முறை காகிதமும் வேண்டுமாம். விற்கவில்லை. படிவம் 31 கொடுத்தாயிற்று. இரண்டு அத்தைகள் கையெழுத்திட்டுவிட்டார்கள். மூன்றாமவர், வண்டி ஓடியதும் முதல் நடை அவரைக் குலதெய்வம் கோயிலுக்குக் கூட்டிப்போனால் போடுவதாகச் சொல்கிறார்.

இப்போது இடப்பக்க டிரம்மைக் கழற்ற வேண்டும். மிச்ச நட்டுகள் எந்தப் பக்கம் திருப்பினாலும் அசையவில்லை. ஸ்டட் முனை தேய்ந்து எழுத்தும் தெரியவில்லை. சூடுகாட்டலாமா?

கம்பம் பட்டறை:

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நானே வருகிறேன். கம்பத்திலிருந்து தேவாரம் எனக்கு என்ன தூரமா? அதுவரை நட்டைத் தொடாதீர்கள்.